வெறுங்கையோடு திரும்பும் உரிமை

"எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." ஊசிக்குக் காத்திருக்கும் பிள்ளையிடம் நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லிவரும் வாக்கியம். சொல்கிற அம்மாவுக்கு அது ஆறுதல். கேட்கிற பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அது எறும்பைத் தேட ஆரம்பித்துவிடலாம். பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்க்கும், சிஸ்டர் கையிலிருக்கும் தட்டை எட்டிப் பார்க்கும். எறும்பு வரவில்லை, ஊசி வந்தது. ஆக, அம்மா சொன்னது பொய். அடுத்த முறை அம்மா எதைச் சொன்னாலும் எடுபடாது.

இதோடு சேர்ந்த வாக்கியங்கள் இன்னும் மூன்று உண்டு. "சும்மா பார்த்துட்டு வந்துடலாம்." "ஒரே நிமிஷம்." பிறகு, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்துச் சொல்வது: "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்." பெரும்பாலான பிள்ளைகள் இதையெல்லாம் தாண்டி வளர்ந்துவிடுகின்றன. சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கோ, சோறு தின்னாத குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கும் இடமாக ஆஸ்பத்திரி மனதில் உறைந்துபோகிறது. அப்புறம் அவனுக்கு இருபது வயதாகும்போது, பிரஷர் பார்க்கக் கூட்டிப்போவது எப்படி என்று வழி கேட்கிறோம்.

நல்லேப்பிள்ளி மாதிரியான ஓர் ஊரில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால் அதற்கு வேறொரு முகம் வந்துவிடுகிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்து ஊராட்சி. பழைய கொச்சி ராஜ்யத்தின் கிழக்கு மூலை. வயலும் தென்னையும் கணவாய்க் காற்றும். தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டுக்குள் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி, பெரிய வைத்தியத்துக்குக் கோவை. இங்கே ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு கோவை பஸ் நேரங்கள் மனப்பாடமாக இருக்கும். பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, நரம்பு டாக்டர் என்று அலைகிற அலைச்சலில், உள்ளூர் அரசு ஆரோக்கிய நிலையத்தில் ஓர் எடை, ஒரு பிரஷர், பல்லை ஒரு பார்வை என்பது விட்டுப்போய்விடுகிறது. பெரிய விஷயத்துக்கு ஓடுகிறவர்களுக்குச் சின்ன விஷயத்துக்கு எங்கே நேரம்?

நான் சொல்ல வருவது அந்தச் சின்ன விஷயத்தைப் பற்றித்தான். ஆஸ்பத்திரிப் பயணங்களில் ஒன்றில் மட்டும்தான் தோற்றுவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப முடியும். அது, உடம்புக்கு ஒன்றுமில்லாத நாளில் செய்யும் வழக்கமான பரிசோதனை. பயிலவேண்டியது அங்கேதான்.

பரிசோதனை எதற்கு என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஸ்வீடனில் நாடு தழுவிய பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016ல் வெளிவந்தது. இறந்துபோனவர்களின் சராசரி வயதை அதில் கணக்கிட்டார்கள். ஆட்டிசம் இல்லாதவர்களுக்கு 70. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 54. அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருந்தவர்களுக்கு 40கூட இல்லை. இது இறந்தவர்களின் கணக்கு, இருப்பவர்கள் எல்லோருடைய ஆயுள் கணக்கு அல்ல. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பெற்றோரைப் பயமுறுத்தக் கூடாது. ஆனாலும் பதினாறு வருஷ வித்தியாசம் சும்மா வருவதில்லை. வலிப்பு, இதயக் கோளாறு, தற்கொலை என்று காரணங்கள் பலவாகப் பிரிகின்றன. அவற்றில் சிலவற்றையாவது, யாராவது ஒழுங்காகப் பார்த்துவந்திருந்தால், முன்கூட்டியே பிடித்திருக்கலாம்.

பார்ப்பதில்தான் சிக்கல். ஒரு பையன் திடீரென்று தலையைச் சுவரில் மோதத் தொடங்குகிறான். காதுவலியாக இருக்கலாம், கடைவாய்ப் பல் சொத்தையாக இருக்கலாம், நாலு நாளாக மலம் போகாமல் வயிறு இறுகியிருக்கலாம். "அவனுக்கு ஆட்டிசம் இல்லையா, அப்படித்தான் பண்ணுவான்" என்று கணக்கை மூடிவிடுகிறார்கள். மருத்துவர்களும் விதிவிலக்கல்ல, ஒரு பெயர் ஒட்டிவிட்டால் மற்றதெல்லாம் அந்தப் பெயரின் நிழலில் மறைந்துபோவது உலகம் முழுக்க நடப்பது. இவர்களுக்கு வலி உறைக்காது என்றொரு பழைய நம்பிக்கை வேறு இருக்கிறது. இஸ்ரேலில் 2023ல் வெளியான சோதனை ஒன்றில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் வலியை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே உணர்ந்தார்கள். வலிக்கவில்லை என்பதும் வலியை நமக்குப் புரியும்படி காட்டவில்லை என்பதும் ஒன்றல்லவே.

மருந்தும் ஒரு காரணம். ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்கும் தன்னைத்தானே தாக்கிக்கொள்வதற்கும் ரிஸ்பெரிடோன் கொடுக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006ல் இதற்கு அனுமதி அளித்தது, நம் ஊரிலும் சகஜமாக எழுதித்தருகிறார்கள். அது பசியைத் தூண்டும், எடையை ஏற்றும், சர்க்கரையையும் கொழுப்பையும் புரட்டிப்போடக்கூடும். வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடுகிறவர்களுக்குக் கல்லீரலைக் கவனிக்க வேண்டும். அதாவது மருந்துச் சீட்டிலேயே ரத்தப் பரிசோதனையும் கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதப்பட்டிருக்கிறது. கையை நீட்டாத பிள்ளை மாத்திரையை மட்டும் வருஷக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கும். கூடவே, வெள்ளைச் சோறும் தயிரும் பிஸ்கட்டும் தவிர வேறொன்றையும் தொடாத பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய ரத்தத்தில் இரும்புச் சத்து எவ்வளவு என்று ஊசி குத்தாமல் எப்படித் தெரியும்?

ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டுப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. அயர்லாந்தின் மயக்க மருத்துவர் மேரி டோஹர்ட்டி, தாமும் ஆட்டிசம் உள்ளவர், தம் குழுவோடு 2022ல் வெளியிட்டது. குடும்ப மருத்துவரைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது என்று ஆட்டிசம் உள்ளவர்களில் 80 சதவீதம் பேர் சொன்னார்கள். இல்லாதவர்களில் 37 சதவீதம். முதல் தடையாக அவர்கள் சொன்னது ஊசியை அல்ல. இந்த உபாதைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்வதே பலருக்குப் பெரும்பாடு. அடுத்து, போனில் நேரம் வாங்குவது. காத்திருப்பு அறையின் வெளிச்சமும் சத்தமும் பட்டியலில் இருந்தன. இவர்கள் படித்துக் கேள்வித்தாளை நிரப்பக்கூடியவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, பேச்சே இல்லாதவர்களின் நிலையை யோசித்துக்கொள்ளலாம்.

இப்போது தோல்விக்கு வருகிறேன். காய்ச்சல் நூற்று நாலு அடிக்கும்போதோ, வலிப்பு வந்து விழுந்து நெற்றி கிழிந்தபோதோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அங்கே பயிற்சிக்கு இடமில்லை. நாலு பேர் பிடிப்பார்கள், ஒருவர் ஊசி போடுவார். அந்த நேரத்தில் அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பிடித்து அமுக்கிய ஒவ்வொரு முறையும் அடுத்த முறைக்குக் கடன் ஏறுகிறது. எட்டு வயதில் நாலு பேர் போதும். பதினெட்டு வயதில் எழுபது கிலோ எடையில் அவன் நிற்கும்போது? ஆகவே ஆஸ்பத்திரி பழகும் நாள், எதுவும் நடந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாத நாளாக இருக்க வேண்டும். வாசல்வரை போய்த் திரும்பலாம். பெஞ்சில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம்.

திரும்பி வருவதற்கும் வசதி வேண்டும் என்பதுதான் ஏழைக் குடும்பத்தின் பிரச்சினை. கோவைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினால் ஒருநாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, அடுத்த தேதிக்கு இரண்டு மாதம். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பிடிங்க அவனை" என்று அப்பாவே சொல்லிவிடுவார். சொல்லத்தான் செய்வார். தூரம் அவரைச் சொல்லவைக்கிறது. உள்ளூர் ஆரோக்கிய நிலையத்தின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. அங்கே ஆட்டிசம் நிபுணர் இல்லை, தேவையும் இல்லை. தோற்றால் நஷ்டம் அரைமணி நேரம்தான்.

கேரளத்தில் இதற்குத் தோதான ஓர் அமைப்பு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. 2017ல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்பாரோக்கிய கேந்திரங்களாக மாற்றத் தொடங்கினார்கள். காலையோடு மூடாமல் சாயங்காலம் வரைக்கும் ஓ.பி. என்பது அதன் கணக்கு. டாக்டரைப் பார்க்கும் முன்பே நர்ஸ் உட்காரவைத்து எடை, உயரம், பிரஷர் எல்லாம் குறித்துவிடுவார். காலையில் டோக்கன் கூட்டம், இருமல், கைக்குழந்தைகளின் அழுகை. மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் வற்றிவிடும். ஃபேன் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி. ஆட்டிசம் உள்ளவருக்கு வேண்டியதில் பாதி இந்த அமைதியிலேயே கிடைத்துவிடுகிறது. இதே கேந்திரங்களில் மூச்சுக் கோளாறுக்கு 'ஸ்வாஸ்', மனச்சோர்வுக்கு 'ஆஸ்வாசம்' என்று தனித்தனி கிளினிக்குகள் நடத்துகிறார்கள். வாரத்தில் ஒரு மதியத்தை ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்று ஒதுக்குவது புதிய கட்டடமோ புதிய பதவியோ கேட்கிற காரியமல்ல.

சரி, வீட்டில் செய்யவேண்டியது என்ன?

முதல் வேலை, முன்கூட்டிக் காட்டுவது. ஆட்டிசம் உள்ள பலருக்கு வலியைவிடப் பெரிய உபத்திரவம், அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பது. அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் 'சமூகக் கதைகள்' என்றொரு முறையைக் கொண்டுவந்தார். ஒரு சூழ்நிலையை அந்தப் பிள்ளையின் கண்ணிலிருந்து, சின்னச்சின்ன வாக்கியங்களில், படத்தோடு எழுதுவது. இதில் கட்டளை குறைவாகவும் விவரிப்பு அதிகமாகவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. நம் ஆட்கள் செய்தால் 'அழக்கூடாது, சமத்தாக இருக்க வேண்டும்' என்று நல்லொழுக்கப் பாடமாகிவிடும், கவனம் தேவை. படம் வரையத் தெரியாவிட்டால் குறையில்லை. கையில் போன் இருக்கிறது. பிள்ளை இல்லாமல் ஒருநாள் தனியாகப் போய்ப் படம் எடுத்து வரலாம்: வீட்டு வாசல், ஆட்டோ, ஆரோக்கிய நிலையத்து கேட், சீட்டு கொடுக்கும் ஜன்னல், பெஞ்சு, எடை பார்க்கும் மெஷின், நர்ஸின் மேசை, டாக்டரின் நாற்காலி, மறுபடி கேட், மறுபடி வீடு. பிற நோயாளிகள் படத்தில் விழாமல் எடுக்க வேண்டும், நர்ஸிடம் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். எந்தப் படத்தை விட்டாலும் கடைசிப் படத்தை விடக் கூடாது. திரும்பி வருவோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

இதில் ஒரு சின்ன வில்லங்கம். படத்தில் இருந்த டாக்டர் லீவு, வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் படம் பார்த்துப் பழகிய பிள்ளை கூடுதலாகவே கலங்கும். 'சில நாள் வேறு டாக்டர் இருப்பார்' என்றும் ஒரு படம் சேர்த்துவிடுவது நல்லது. கேள்விக்குறி போட்ட முகம் போதும்.

இரண்டாவது, பொருள்களோடு பழக்கம். பிரஷர் பட்டையை எடுத்துக்கொள்வோம். சின்னப் பொருள், ஆனால் அதற்குள் எத்தனை தொல்லை என்று ஒரு தடவை யோசித்தால் மலைப்பாக இருக்கும். பிரிக்கும்போது 'பர்ர்' என்று கிழிகிற சத்தம். கையைச் சுற்றும் முரட்டுத் துணி, அதில் முந்தைய ஆளின் வியர்வை வாடை. திடீரென்று ஊதும் மோட்டார். இறுகிக்கொண்டே போகிறது, எங்கே நிற்கும் என்று யாரும் சொல்வதில்லை. பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் தளர்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பழக்கலாம். முதல் வாரம் துண்டைக் கையில் சுற்றி எடுப்பது. அடுத்து பட்டையை மேசையில் வைத்துப் பிரித்துப் பிரித்து ஒட்டி விளையாடுவது. அந்தச் சத்தம் தன் கையால் வந்தால் பயம் பாதி போய்விடும். பிறகு அப்பாவின் கையில் கட்டி ஊதுவது, கடைசியில்தான் அவன் கை. இறுகும்போது எண்ணுவது. எண்ணிக்கைக்கு முடிவு உண்டு, 'கொஞ்ச நேரம்' என்பதற்குக் கிடையாது. நாற்பதுவரை எண்ணினால் தளரும் என்று வீட்டில் கண்டுபிடித்திருந்தால் ஆஸ்பத்திரியிலும் எண்ணலாம். அங்கே நாற்பத்தைந்து ஆகிவிட்டால்தான் ஆபத்து, ஆகவே ஐம்பது என்று சொல்லிவைப்பது புத்திசாலித்தனம்.

எடை மெஷின், ஸ்டெதஸ்கோப்பின் சில்லிப்பு, டார்ச் வெளிச்சம், நாக்கை அமுக்கும் கட்டை எல்லாவற்றுக்கும் இதே வழிதான். பல்லுக்கு மட்டும் ஒரு குறிப்பு: பல் தேய்க்கும்போதே தினமும் படுக்கவைத்து வாயைத் திறந்து பத்துவரை எண்ணிப் பழக்கிவிட்டால் பல் டாக்டரின் நாற்காலி அவ்வளவு அந்நியமாக இருக்காது.

ரத்தம் எடுப்பதுதான் மலை. இதற்கு ஒரு பழைய உதாரணத்தை அடிக்கடி சொல்வார்கள். அமெரிக்காவில் ஷபானி, ஃபிஷர் என்ற இருவர் 2006ல் எழுதியது. ஆட்டிசமும் சர்க்கரை நோயும் உள்ள பதினெட்டு வயதுப் பையன். இரண்டு வருஷத்துக்கும் மேலாக அவனிடமிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுக்க முடியவில்லை. ஓர் அட்டையில் அவன் கையின் உருவத்தை வரைந்து, அதன்மேல் கையை அசைக்காமல் வைக்கச் சொன்னார்கள். குத்தும் கருவியை முதலில் தள்ளிப் பிடித்தார்கள். கை அசையாமல் இருந்தால் அவனுக்குப் பிடித்த தீனி. தூரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஒரே ஒருவனிடம் செய்த சோதனை. எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல அது போதாது. ஆனால் அதன் உள்ளடக்கம் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதான். மாட்டைத் தொழுவத்துக்குப் பழக்குகிறவர் முதல் நாளே கயிற்றை இழுக்க மாட்டார்.

மாட்டை இழுத்ததும் எனக்கே உறுத்துகிறது, உறுத்த வேண்டும். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இந்தப் பழக்கும் முறைகள்மேல் வைக்கும் விமரிசனமும் அதுதான்: எங்கள் உடம்பை அடங்கப் பழக்குகிறீர்கள், வேண்டாம் என்று சொல்லப் பழக்கவில்லை. நியாயமான பேச்சு. யார் கை நீட்டச் சொன்னாலும் நீட்டப் பழகிய பெண்பிள்ளை, யார் எதைத் தொட்டாலும் பேசாமல் இருக்கவும் பழகிவிடக்கூடும். ஆகவே 'நிறுத்து' என்பதற்கு ஓர் அட்டையோ கைச்சாடையோ பயிற்சியின் முதல் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். அதைக் காட்டினால் உண்மையிலேயே நிறுத்தவும் வேண்டும். எங்கே தொடலாம், யார் தொடலாம், அப்போது அம்மா அறைக்குள் இருப்பாளா என்பதும் அந்தப் படத்தொடரில் வரவேண்டியவை. பிடிவாதமாக நிறுத்தியவன் நாலு தடவைக்குப் பின் தானே கையை நீட்டுவான் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். சிலர் நீட்ட மாட்டார்கள்.

அவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த மரத்துப்போகும் களிம்பு மருந்துக்கடையில் கிடைக்கிறது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஊசி போடும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடிவைத்தால் குத்துவது பெரிதாகத் தெரியாது. மூடிய பிளாஸ்திரியை உரிப்பதுதான் ஊசியைவிடப் பெரிய ரகளை என்று ஆகிவிடுவதும் உண்டு. அதனால் அதையும் வீட்டில் வெறும் பிளாஸ்திரியோடு ஒத்திகை பார்க்க வேண்டும். புஜத்தில் கட்டும் ரப்பர் பட்டையின் இறுக்கம், ஸ்பிரிட்டின் வாடை இரண்டும் ஊசியைவிடச் சிலருக்கு மோசம். எதுவுமே நடக்காதபோது, பல் வைத்தியத்துக்கென்று மயக்கம் கொடுக்கும் அந்த ஒரு நாளில் ரத்தமும் எடுத்து, காதையும் சுத்தம்செய்து, தேவையான மற்றதையும் முடித்துக்கொள்ளலாம். இதைப் பெற்றோர்தான் முன்கூட்டியே கேட்டு, இரண்டு டாக்டர்களையும் பேசவைக்க வேண்டியிருக்கும்.

மொழி பற்றிச் சொல்லாமல் எல்லைப்புறத்துத் தயாரிப்பு முழுமை பெறாது. சாதாரணமாக இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மொழி ஒரு பிரச்சினையே அல்ல. ஒரே வாக்கியத்தில் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள். ஆனால் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்ட பிள்ளையிடம் அந்த லாகவம் இல்லை. வீட்டில் 'ஊசி' என்று மூன்று வாரம் படம் காட்டியிருப்பார்கள். நர்ஸ் கோட்டயத்துக்காரராக இருக்கலாம். அவர் அன்பாகத்தான் 'குத்திவெய்ப்பு' என்பார். பிள்ளை காதில் விழுவது குத்து. ரத்தத்துக்கு மலையாளத்தில் 'சோர' என்றும் சொல்வார்கள். தமிழ்க் காதுக்கு அது சோறு. சோறு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தால் பழைய மிரட்டல் உண்மையாகிவிட்டதே! நல்லவேளை, 'கை நீட்டு' இரண்டு மொழியிலும் ஒன்று, 'மூக்கு' ஒன்று. இப்படிப் பொதுவாக இருக்கும் சொற்களைப் பொறுக்கி, அவற்றை மட்டும் பயன்படுத்தச் சொல்லி நர்ஸிடம் ஒரு துண்டுத்தாள் கொடுக்கலாம்.

பிரிட்டனில் இந்தத் துண்டுத்தாளுக்கு 'ஆஸ்பத்திரிப் பாஸ்போர்ட்' என்று பெயர். அங்குள்ள தேசிய ஆட்டிசம் சங்கம் அப்படியொரு பாஸ்போர்ட்டை உருவாக்கி வைத்திருக்கிறது. நமக்கு ஒரே ஒரு பக்கம் போதும். ஒரு பாதி தமிழ், ஒரு பாதி மலையாளம். வலிக்கும்போது என்ன செய்வான் (சிரிப்பவர்களும் உண்டு), எந்தச் சத்தம் ஆகாது, எதைக் கையில் வைத்திருக்க விடவேண்டும், என்ன மருந்து சாப்பிடுகிறான், எதற்கு அலர்ஜி, கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறந்துவிடுகிறார்கள். பதில் வர பத்து விநாடி ஆகும் ஆளிடம் மூன்றாவது விநாடியில் இரண்டாவது கேள்வியைப் போட்டால் இரண்டுக்கும் பதில் வராது. பேச்சில்லாதவர்களுக்குப் படத்தைத் தொட்டால் குரல் வரும் செயலிகள் இருக்கின்றன. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' தமிழிலும் உண்டு. தமிழில் ஆட்டிசம் பற்றி எழுத்தாளர் யெஸ். பாலபாரதி போன்றவர்கள் எழுதிய நூல்களும் இருக்கின்றன. ஆனால் நல்லேப்பிள்ளி பிள்ளைக்கான ஆஸ்பத்திரிப் படத்தொடரை நல்லேப்பிள்ளி வீடுதான் செய்தாக வேண்டும். அந்த ஜன்னலும் அந்த பெஞ்சும் வேறெந்தப் புத்தகத்திலும் இருக்காது.

சட்டத்தைப் பொறுத்தவரை நிலைமை தாளில் நன்றாகவே இருக்கிறது. ஆட்டிசத்தை அங்கீகரிக்கும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25ஆம் பிரிவில், வீட்டுக்கு அருகிலேயே, குறிப்பாகக் கிராமங்களில், வருமான வரம்புக்கு உட்பட்டு இலவச வைத்தியம் என்கிறது. அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற வசதி என்கிறது. பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை என்கிறது. தடை என்றால் நம் ஆட்களுக்கு உடனே நினைவுக்கு வருவது படிக்கட்டும் சாய்தளமும்தான். மினுக்கும் டியூப்லைட்டும், பெயரைக் கத்திக் கூப்பிடும் குரலும்கூடத் தடைதான் என்று வாதாட அந்தச் சொல்லில் இடம் இருக்கிறது. முன்னுரிமை என்பது வரிசையில் முந்துவது மட்டுமல்ல. வெளியே மரத்தடியில் நின்றுகொண்டு, முறை வந்ததும் போனில் கூப்பிடச் சொல்வதும் அதில் சேரும். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய்வரை உண்டு. நோயில்லாதபோது செய்யும் வழக்கமான பரிசோதனையும் பல் பார்ப்பதும் அதற்குள் வருகின்றன. சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது என்பது அதன் பெரிய நல்ல அம்சம். ஊசிக்குப் பயந்தவனை ஊசி போட்டுச் சேர்த்தால் எப்படி?

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பிறப்பிலிருந்து 18 வயதுவரை பிள்ளைகளைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வந்து பார்க்கும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. 30 வயதுக்கு மேல் பிரஷர், சர்க்கரை பார்க்கும் திட்டம் தனி. கேரளத்தில் அதற்காக ஆஷா பணியாளர்கள் 'சைலி' செயலியோடு வீட்டுக்கே வந்து விவரம் கேட்டுக் குறிக்கிறார்கள். நடுவில் பன்னிரண்டு வருஷம் யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஆட்டிசம் உள்ள இளைஞனுக்கு அந்தப் பன்னிரண்டு வருஷம்தான் மருந்தால் எடை ஏறும் காலம். பள்ளி முடிந்து வீட்டோடு முடங்கும் காலம். சட்டப்படி அவன் மேஜர். பெற்றோர் அவனுக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் கேட்டு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுக்கொடுக்க வேண்டிய காலமும் அதுவே. இங்கிலாந்தில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு 14 வயதிலிருந்தே ஆண்டுக்கொரு முழுப் பரிசோதனை குடும்ப மருத்துவரிடம் உண்டு. அங்கேயும் எல்லாம் சுகமில்லை. ஆலிவர் மெக்கோவன் என்ற, ஆட்டிசம் உள்ள 18 வயது இளைஞர், தமக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரும் பெற்றோரும் சொல்லியும் கொடுக்கப்பட்ட மனநோய் மருந்துக்குப் பின் 2016 நவம்பரில் இறந்தார். அதன் பிறகுதான் ஆரோக்கியப் பணியாளர்கள் ஆட்டிசம் பற்றிப் பயிற்சி பெறுவதை 2022ல் சட்டமாக்கினார்கள்.

கேரளத்திடம் இங்கிலாந்து பொறாமைப்படும் ஒன்றும் இருக்கிறது. 1993ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் வளர்ந்து, 2008ல் மாநிலக் கொள்கையாகி, இன்று பஞ்சாயத்துதோறும் பாலியேட்டிவ் நர்ஸ் வீடுவீடாகப் போகிறார். படுக்கையில் கிடப்பவருக்கு பிரஷர் பார்க்கிறார், புண்ணுக்கு மருந்து வைக்கிறார். கொரோனா தடுப்பூசியின்போது, நடமாட முடியாதவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே போடலாம் என்று 2021 செப்டம்பரில் மத்திய அரசும் சொன்னது. வீட்டுக்குப் போகும் வண்டியும் பெட்டியும் ஆளும் தயார். ஆட்டிசம் உள்ளவர் படுக்கையில் கிடக்கவில்லை, திண்ணையில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதால் அந்த வண்டியின் பட்டியலில் அவர் பெயர் ஏறுவது கடினம். ஏற்றினால், அந்நிய இடம், அந்நிய வாடை, காத்திருப்பு என்ற மூன்று தொல்லைகள் ஒரேயடியாகக் கழியும். அந்நிய ஆள் மட்டும் மிச்சம். அவரும் இரண்டு தடவை சும்மா வந்து டீ குடித்துவிட்டுப் போனால் அந்நியரல்ல.

கடைசியாக ஒரு சீட்டு விஷயம். ஓ.பி. சீட்டில் பிரஷருக்கு ஒரு கட்டம் உண்டு. அளவு எடுத்தால் எண், எடுக்காவிட்டால் வெறும் கட்டம். வெறும் கட்டத்தைப் பார்க்கும் அடுத்த டாக்டர் 'ஒத்துழைக்கவில்லை' என்று புரிந்துகொள்வார். வீட்டாரும் தோற்றதாகவே நினைப்பார்கள். மூன்று வாரம் துண்டு சுற்றிப் பழகி, போன் படங்களைப் பார்த்து, மதியம் ஆளில்லா நேரத்தில் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, பட்டையைக் கட்டவும் விட்டுவிட்டு, மோட்டார் ஊதத் தொடங்கியதும் 'நிறுத்து' அட்டையைக் காட்டியவனுக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? நர்ஸ் எழுதலாம், அரை வரி போதும்: "பட்டை கட்டவிட்டான். காற்று அடிக்கவில்லை. அடுத்த வியாழன், மதியம் மூன்று மணி."